ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தி

அக்கா,

இன்று சிராங்கூன் சாலையில் ஒரு கடைவாசலைக் கடக்கும்போது தேங்காய்ப்பால் சொதி கொதிக்கும் மணம் வந்தது. வாங்க வந்த காய்கறியை மறந்து, உள்ளே போய் இடியாப்பம் கேட்டேன். உங்கள் கைப்பக்குவம் இல்லைதான். ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

எழுபதுகளின் கடைசிச் சிங்கப்பூர். பதினெட்டு வயதானதும் பிள்ளைகள் இல்லத்திலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, படுக்கத்தான் இடமில்லை. ஒரு வாரம் குவீன்ஸ்டவுனில் ஒரு தோழி வீடு, மறுவாரம் ஆங் மோ கியோவில் இன்னொருத்தி வீடு. மதியம் யாராவது கேன்டீனுக்குக் கூப்பிட்டால், "இன்னைக்கு ஒருசந்தி" என்று நழுவிவிடுவேன். தவக்காலத்தில் வேதக்காரப் பிள்ளை ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

கல்லூரி அலுவலகக் கிளார்க்கான நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய யாழ்ப்பாணத்துக்காரிக்கு எங்கள் நாட்காட்டி என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு கிழமையாச்சு. இன்னும் என்ன ஒருசந்தி, பிள்ளை?" அன்றிலிருந்து உங்கள் டிபன் கேரியரில் பாதி இடியாப்பம் எனக்கு.

கல்லூரியில் இலவசச் சாப்பாட்டுக் கூப்பன் உண்டு. அதற்குப் பெற்றோர் கையெழுத்தும் வீட்டு முகவரியும் வேண்டும். எனக்கு இரண்டுமில்லை. படிப்பை விட்டுவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். நீங்கள் எனக்காகப் போய்க் கேட்டபோது, ஒருத்திக்காக விதியை மாற்ற முடியாதென்று முதல்வர் கைவிரித்தார். மறுநாளிலிருந்து மதியந்தோறும் நீங்கள் கேன்டீன் குழாயடியில் போய் உட்கார்ந்தீர்கள். சாப்பிடாமல் வெறும் தண்ணீர் குடிக்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, வார முடிவில் என்னையும் சேர்த்து ஐந்து பேரை முதல்வர்முன் நிறுத்தினீர்கள்.

எனக்கு மானமே போய்விட்டது. வெளியே வந்ததும், "நான் என்ன பிச்சைக்காரியாக்கா?" என்று கத்தினேன்.

"பசிக்கிறவையெல்லாம் பிச்சைக்காரரோ? முதல்ல சாப்பிடும். பிறகு ஆறுதலாச் சண்டை பிடிக்கலாம்."

விதி மாறியது. பொறுப்பேற்கும் பெரியவர் எவரும் கையெழுத்திடலாம், முகவரி தேவையில்லை என்றார்கள். ஐந்து படிவத்திலும் நீங்களே கையெழுத்திட்டு, உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று நிரப்பினீர்கள். ஐவரில் ஒருவன் சீனப் பையன்; முதல்வரே சிரித்துவிட்டாராம். ஐந்து பேருமே படிப்பை முடித்தோம்.

அதன்பிறகு நெருங்கிய உறவினர் யார் என்று எந்தப் படிவம் கேட்டாலும் உங்கள் பெயரைத்தான் எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே. கணவர் கேலி செய்வார். போன மாதம் மருத்துவமனையிலும் கை தானாக எழுதிவிட்டது. தொலைபேசி எண்ணை எழுதப் போனபோதுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. வேறு படிவம் தரட்டுமா என்று தாதி கேட்டாள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, பக்கத்தில் மகள் பெயரைச் சேர்த்தேன்.

உங்கள் பெயரை அடிக்கவில்லை, அக்கா.