நாலு கதவுக்காரருக்கு

இஞ்சாருங்கோ,

பேத்தி கீறித் தந்த முயல் படம் இன்று காலையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வழுக்கி விழுந்து அடியில் போய்விட்டது. தும்புத்தடியால் இழுத்து எடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய, மாதா உருவம் பதித்த காந்தம் அங்கே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே போனதற்கு யார் காரணம் என்றும் தெரியும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

யாத்திரை போன இடத்தில் நான் ஆசையாக வாங்கிய காந்தம். ஒரு சனிக்கிழமை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டீர்கள். "உது என்னத்துக்கு?" என்றேன். "பழைய கார் பாக்கப் போறம். துருப்பிடிச்ச இடத்துக்குப் பட்டி பூசிப் பெயின்ற் அடிச்சிருப்பாங்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனா காந்தம் ஒட்டாது." வேறு காந்தம் கிடைக்கவில்லையா என்று கேட்டால், "உதுதான் பலமானது" என்று ஒரு பதில்.

இந்த மொன்றியலில் பனிக்காலம் முழுக்கத் தெருவில் உப்பைக் கொட்டுகிறார்கள். ஐம்பது வருசத்துப் பழைய கார் அதில் என்ன பாடு பட்டிருக்கும்? ஆனாலும் உங்களுக்கு அதேதான் வேண்டும். எட்டுச் சிலிண்டர் எஞ்சின் உறுமுகிற அமெரிக்கக் கார், மசில் கார். அதுவும் மினுக்கிக் கராஜில் வைத்துப் பார்ப்பதற்கு இல்லை. புது பிறேக், புது சீற் பெல்ட் எல்லாம் பூட்டி, ஜான்-டலோன் சந்தைக்குத் தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போவதற்கு. "ஒரு மூடி பெற்றோலில ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில ஹையர் கார் ஓடினவன் நான். இதென்ன பெரிய வேலை?" என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் எரிபொருள் இல்லாத காலத்தையும் மொன்றியல் குளிரையும் ஒரே தராசில் வைத்த மனிதர் நீங்கள் ஒருவர்தான்.

போன வீடுகளில் எல்லாம் நான் பட்ட வெட்கம் கொஞ்சமா? கார்க்காரன் பார்த்துக்கொண்டு நிற்க, நீங்கள் முழந்தாளிட்டுக் கதவுக்குக் கீழே, சில்லுக்கு மேலே என்று மாதாவை வைத்து வைத்துப் பார்ப்பீர்கள். அந்த மனிதர்கள் ஏதோ செபம் நடக்கிறது என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். கடைசியில் எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு, "மாதா விழுந்திட்டா. வேண்டாம், வாரும்" என்பீர்கள். சேறு ஒட்டிய மாதாவைச் சேலைத் தலைப்பால் துடைத்து மன்னிப்புக் கேட்பது என் வேலை.

லவாலில் பார்த்த சிவப்புக் கார் நினைவிருக்கிறதா? மாதா எல்லா இடமும் ஒட்டினார். எனக்கே ஆசை வந்துவிட்டது. அன்று கல்யாண வீட்டுக்குப் போகிற வழி, நான் பட்டுச்சேலையில் நிற்கிறேன். "பின்னுக்கு ஒருக்கா ஏறி இறங்கிப் பாரும்" என்றீர்கள். இரண்டு கதவுக் கார். முன் இருக்கையை மடித்து, எப்படியோ நுழைந்துவிட்டேன். இறங்கும்போது கால் பெல்ட்டில் மாட்டியது, சேலை மடிப்புக் கொய்யகம் இருக்கையின் கம்பியில் மாட்டியது. நீங்கள் ஒரு கையையும் காரை விற்கிற வெள்ளைக்காரர் மற்றக் கையையும் பிடித்து இழுத்தெடுத்தீர்கள். நான் சேலையைச் சரிசெய்து முடிக்கவில்லை, அதற்குள் அவரிடம் "நொன், மெர்சி", வேண்டாம் நன்றி என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டீர்கள்.

"ரெண்டு கதவுதான் மசில் கார், நாலு கதவை ஒருத்தரும் மதிக்க மாட்டினம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?" என்று வழியில் வெடித்தேன்.

"ஓம். ஆனா பூசை முடிய ஆரை ஏத்துறது? முழங்கால் ஏலாத சனத்தைப் பின்னுக்கு மடிச்சு வைக்கேலுமே?"

கோயில் வாசலில் பஸ்சுக்கு நிற்கிற சனத்தை விட்டுவிட்டு வெறும் காரோடு வீட்டுக்கு வருவது உங்களுக்குப் பாவம். அந்தப் பாவத்துக்குப் பயந்து, ஊரில் எவரும் திரும்பிப் பார்க்காத ஒரு நாலு கதவுக் காரைப் பிடித்தீர்கள். சாயம் கூடிப்போன தேநீரின் நிறம். வாடகைக் கார் மாதிரி என்று கூட்டாளிகள் "ராக்சி" பட்டம் வைத்துச் சிரித்தார்கள். "முதல் ஹீட்டர், பேந்துதான் எஞ்சின். இல்லாட்டி நான் ஏறமாட்டன்" என்று நான் பிடித்த பிடி ஒன்றுதான் வென்றது. வலப்பக்கப் பின்கதவு மட்டும் கடைசிவரை திருந்தவில்லை. ஏறுகிற எல்லோருக்கும் ஒரே வசனம் சொல்வீர்கள்: "கதவோட கோவிக்காதேங்கோ, ரெண்டாம் அடிக்குத்தான் பூட்டும்."

பிறகு நீங்கள் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டீர்கள். கார் என் தலையில்.

சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்குகிறது. "மதாம், இது எந்த வருசத்து வண்டி?" எனக்குத் தலையிடி, அவருக்கு வருசம் வேண்டும். துருப்பிடிக்காமலிருக்க அடியில் அடித்த எண்ணெய், ஹீட்டரைப் போட்டதும் மணக்கிறது. பூசைக்குப் போகிறேனா, கராஜிலிருந்து வருகிறேனா என்று சனம் மூக்கைச் சுளிக்கிறது. "வித்துப்போட்டுச் சின்னதா ஒண்டு எடுங்கோ அம்மா" என்றாள் மகள். ஓம் என்றுவிட்டேன். உண்மையாகவே அலுத்துப்போனேன்.

போன கிழமை ஒருவர் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர். அவரும் ஒரு காந்தம் வைத்திருந்தார். பொனற், முன்பக்கத் தகடுகள் எல்லாம் கவனமாகப் பார்த்தார். முன்கதவைத் தாண்டிப் பின்னுக்கு வரவேயில்லை. ஏன் என்று கேட்டேன். அவரிடம் இதே இனத்தில் இரண்டு கதவுக் கார் இருக்கிறதாம். அதன் மூக்கு உக்கிப்போய்விட்டதாம். இதன் மூக்கைக் கழற்றினால் அதற்குப் பொருந்துமாம்.

"அப்ப பின்கதவுகள்?"

"அவை யாருக்கும் தேவையில்லை, மதாம். பழைய இரும்புக்குப் போகும்."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை, உங்களில்தான் வந்தது. அந்தச் சிவப்புக் காரை எடுத்திருந்தால் ஒரு கவலையும் இல்லாமல் கொடுத்துத் தொலைத்திருப்பேன் அல்லவா? அன்று காலை ஏதோ நினைப்பில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றிக் கைப்பையில் போட்டிருந்த மாதாவை எடுத்தேன். நேரே போய், அந்த மனிதர் பார்க்காத பின்கதவில் வைத்தேன். டக்கென்று ஒட்டினார்.

"நொன், மெர்சி" என்றேன்.

அவர் மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். மகள் இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிய மூன்று பேரை ஏற்றினேன். கடைசியாக ஏறியவர் கதவை அடித்தார், பூட்டவில்லை. நான் வாயைத் திறந்தேன். "கதவோட கோவிக்காதேங்கோ, ரெண்டாம் அடிக்குத்தான் பூட்டும்." இரண்டாம் அடிக்குப் பூட்டியது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது, காரை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவ்வளவு அலுப்பையும் தந்துவிட்டு நீங்கள் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய கோபம். அது தீராது.

மாதா இன்னும் அந்தப் பின்கதவில்தான் இருக்கிறார். சந்திக்குச் சந்தி விழுந்துவிடுவாரோ என்று கண்ணாடியில் பார்க்கிறேன். விழவில்லை. முயல் படத்துக்கு வேறொரு காந்தம் வாங்க வேண்டும்.