ஓர் இஞ்ச் குறைவான மெத்தை

மார்ச் 4, செவ்வாய்

கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தம்பி பெண்டாட்டி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஏழு மாத வயிறு. பார்த்து இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, குழந்தைக் கட்டிலுக்கு ஒரு மெத்தை, ஒரு விரிப்பு, அவ்வளவு போதும். தலையணை, போர்வை, சுத்துத் தலையணை எதுவும் வேணாம். நர்ஸம்மா சொல்லிட்டாங்க."

யாரிடம் வந்து சொல்கிறாள்? இருபத்திரண்டு வருஷமாகத் தலையணை தைத்துச் சாப்பிடுகிறவளிடம். என் கடையில் ஓடுகிற சரக்கே குழந்தைக் கட்டில் செட்தான். அதிலும் சுற்றுத் தலையணை. கட்டிலின் நாலு பக்கக் கம்பியையும் ஒட்டி உட்காரும், நாடா வைத்துக் கட்டுவது. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கடைக்குள்ளேயே காலை வைக்கிறார்கள்.

"கம்பியில பிள்ளை இடிச்சுக்காதா?" என்றேன்.

"இடிச்சா அழும் அண்ணி. மூச்சு முட்டினா அழ முடியாது."

வாய்க்கு வாய் பதில். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் விடமாட்டாள். நான் வைத்திருக்கிற பேர் பூதக்கண்ணாடி. இந்த நோட்டில் மட்டும்தான்.

மார்ச் 6

தம்பியிடம் கேட்டேன். "என்னை நடுவுல இழுக்காதீங்கக்கா" என்றான். இவன் நடுவில் எப்போது இருந்தான்? அவளுக்குப் பின்னால் அல்லவா நிற்கிறான்.

மார்ச் 15, சனி

நர்ஸ் வந்திருந்தாள். நானும் இருக்க வேண்டுமாம், மேலே கூப்பிட்டார்கள். போனேன். என்னை உட்கார வைத்துப் பாடம் எடுக்கத்தான் என்று போன பிறகுதான் புரிந்தது.

மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். கட்டிலின் ஓரம்வரைக்கும் இருக்க வேண்டும். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் ரெண்டு விரல் நுழையக்கூடாது. பிள்ளையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். கட்டிலுக்குள் வேறு ஒன்றும், ஒரு துணிப் பொம்மைகூட, கூடாது. இருபத்தைந்து வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லைங்க" என்றாள். சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பு இல்லை. வாயைக் கொடுத்தது நான்தான். எனக்கும் இல்லை என்றேன். ஆனால் பூதக்கண்ணாடி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள் பார், அந்தக் குனிவை நான் மன்னிக்கவே மாட்டேன். பரிதாபப்படுகிறாளாம் என்னைப் பார்த்து.

கடைசியில், மெத்தையை மட்டும் நான் தைத்துத் தருகிறேன் என்றேன். சரி என்றார்கள்.

மார்ச் 29

மெத்தை முடிந்தது. நாலு நாள் வேலை. நல்ல பஞ்சு, கையை வைத்தால் அமுங்கி, எடுத்தால் எழும்புகிறது. கட்டிலை நானே போய் அளந்து வந்து, எங்கள் கடை வழக்கப்படி நாலு பக்கமும் ஓர் இஞ்ச் குறைத்து வெட்டினேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் கணக்கு. கை உள்ளே போனால்தான் விரிப்பு மாற்ற லேசாக இருக்கும், அந்த இடைவெளியில்தான் சுற்றுத் தலையணையும் இறங்கி உட்காரும். சுற்றுத் தலையணை இல்லாமல் அந்த மெத்தை பல் போன வாய் மாதிரித்தான் தெரியும். பார்க்கட்டும். பார்த்தால் அவளே கேட்பாள்.

ஏப்ரல் 2

கேட்டாள். எதைக் கேட்டாள் தெரியுமா?

மெத்தையைப் போட்டதும் அதை ஒரு பக்கமாகத் தள்ளி, மறு ஓரத்தில் கையை விட்டாள். "மூணு விரல் போகுது அண்ணி."

"சுத்துத் தலையணை அதுலதாம்மா உட்காரும்."

"அதான் வேணாம்னு சொன்னேனே." பிறகு உள்ளங்கையை நடுவில் வைத்து அழுத்தினாள். அமுங்கியது. அந்த அமுக்கத்துக்குத்தான் ஊரே என்னிடம் வருகிறது, இவள் உதட்டைப் பிதுக்குகிறாள். "எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணி. மனசுல வெச்சுக்காதீங்க."

மனசுல வெச்சுக்காம வேற எங்க வெச்சுக்கறது? மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானே படியிறங்கினேன். தம்பி கைகொடுக்கப் பின்னாலேயே வந்தான். தொடாதே என்றேன்.

ஏப்ரல் 9

எதிர்க்கடை வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு மெத்தை. எங்கள் வீட்டுக்கு. என் கடை முன்னாலேயே இறக்கி, என் கடை வழியாகவே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க வீட்டுக்கே வெளியிலேர்ந்து மெத்தையா?" என்றார். முகத்தில் கரி பூசுவது என்பார்களே, இதுதான். பெயிண்ட் கடைக்காரர் கையாலேயே பூசியாயிற்று.

ஒருதடவை தொட்டுப் பார்த்தேன். பலகை. அதில் படுத்தால் பிள்ளைக்குத் தலை சப்பையாகும். ஆகட்டும்.

ஏப்ரல் 10

பேசவில்லை.

ஏப்ரல் 26

நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. தண்ணீர் மோட்டார் போட வேண்டுமென்றால் தம்பியை அனுப்புகிறாள். அவன் வந்து யாரோ சொன்ன மாதிரி, "மேல தண்ணி இல்லையாம்" என்கிறான்.

மே 19, திங்கள்

பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறை வாசலிலேயே நின்றேன்.

"கையில வாங்குறீங்களா அண்ணி?" என்றாள். ஒன்றரை மாதம் கழித்து முதல் பேச்சு.

"கை கழுவலை" என்றேன்.

கழுவியிருந்தேன். ரெண்டு தடவை.

ஜூன் 27

அவள் கடையில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு பட்டாளமாக வந்து போனார்கள். தொங்குகிற பொம்மை, முயல் காது வைத்த போர்வை, குட்டித் தலையணை, என்னென்னவோ. அவர்கள் போனதும் எல்லாம் அலமாரிக்குப் போய்விட்டதாம், தம்பி சொன்னான். எனக்கு மட்டும்தான் இந்த மரியாதை என்று நினைத்தேன். எல்லோருக்கும் அதே கதிதான். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்காக மனசு இறங்கிவிட்டதாக அர்த்தம் இல்லை.

பிள்ளை அழுவது கடைக்குள் நன்றாகக் கேட்கிறது. பசி அழுகை வேறு, தூக்க அழுகை வேறு. எனக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்து என்ன?

ஆகஸ்ட் 30, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி, கன்னம் வீங்கிவிட்டது. தம்பி வேலைக்குப் போயாயிற்று. பல் டாக்டரிடம் போக வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று வந்து நின்றாள். கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மேலே போனேன். எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்று மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "கட்டில்ல எதுவும் போடாதீங்க அண்ணி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை. சொல்லாமல் போயிருக்கலாம். இல்லை, அவள் மேல் ஏன் போடுகிறேன்? போட்டது நான்.

அவள் தெருமுனை திரும்பியதும் கீழே ஓடினேன். என் மெத்தை, என் சுற்றுத் தலையணை, ரெண்டையும் தூக்கி வந்தேன். பலகையை எடுத்துவிட்டு என் மெத்தையைப் போட்டு, சுற்றிலும் நாடா கட்டினேன். எவ்வளவு அழகாக இருந்தது. பிள்ளையைப் படுக்க வைத்தேன், மல்லாக்கத்தான். சுகமாகத் தூங்கியது. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தாயா, என் சரக்கில் படுத்தால் எப்படித் தூங்குகிறாய் என்று அதனிடமே சொன்னேன்.

அப்புறம் தெருவிலிருந்து ஓர் ஆள் கூப்பிட்டான். கடை பாதி மூடியிருக்கிறதே, குழந்தைக் கட்டில் செட் பார்க்க வந்தேன் என்று. பால்கனிக்குப் போனேன். நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் விளக்கம் சொன்னேன். பஞ்சு எப்படி, நாடா எப்படி, பிள்ளைக்கு ஒரு கீறல் விழாது என்று. எவ்வளவு நேரம்? மூணு நிமிஷமா, அஞ்சா? தெரியவில்லை.

திரும்பி வந்தால் பிள்ளை குப்புற ஓரத்தில் கிடந்தது. எப்போது புரண்டது? இதுவரைக்கும் புரண்டதே இல்லை. மெத்தை ஓரம் அதன் பாரத்துக்குச் சரிந்து, முகம் அந்த ஓர் இஞ்ச் இடைவெளிக்குள், சுற்றுத் தலையணைக்குள் புதைந்து கிடந்தது. சத்தமே இல்லை. கால் மட்டும் லேசா... தூக்கினேன். உதடு நிறம் மாறியிருந்தது. என்ன செஞ்சேன்னு ஞாபகம் இல்லை. முதுகுல தட்டினேன், முகத்துல ஊதினேன், ஏதோ உளறினேன். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தது. அப்புறம் அழுதது. அந்த அழுகையைக் கேட்டுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன்.

ரெண்டு நிமிஷத்தில் பழைய நிறம் வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்ததுகூட. நான் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அவள் பலகையை அவள் போட்டிருந்த மாதிரியே போட்டேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டேன்.

அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். பேச முடியாமல் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஆகஸ்ட் 31

காலையில் தம்பியிடம், பிள்ளை நேற்று மூச்சுவிடக் கொஞ்சம் திணறின மாதிரி இருந்தது, டாக்டரிடம் காட்டிவிடு என்றேன். மூக்கடைப்பாக இருக்கும் என்றான். போய்க் காட்டிவிட்டு வந்தான். நன்றாக இருக்கிறதாம். என்னைப் பார்த்து, "ரொம்பத்தான் பயப்படறீங்கக்கா" என்று சிரித்தான்.

செப்டம்பர் 3

அந்த ஆள் செட் வாங்க மறுபடியும் வந்தான். இல்லை என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறதே என்றான். அது விற்பனைக்கு இல்லை என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனான். அங்கேயும் இதைத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்னாலேயே போய்ச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேலே சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள் சொன்னாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைக் காப்பகத்தில் விட மனசு வரவில்லை, பகலில் நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று.

"அன்னைக்கு நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரு பாத்துப்பாங்க அண்ணி? உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

மன்னிப்பு. அவள் வாயிலிருந்து. ஏப்ரலிலிருந்து நான் கேட்க நினைத்த ஒரே வார்த்தை. பகல் முழுக்கப் பிள்ளை என்னிடம் இருக்கும். அத்தை என்று முதலில் என்னைத்தான் கூப்பிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. ஆனால் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். தம்பிக்குக் கோபம். அக்காவுக்குத் திமிர் என்று நினைத்திருப்பான்.

செப்டம்பர் 8

சொல்லிவிட்டேன். தம்பி கிளம்பியதும் மேலே போய், நின்றபடியே சொன்னேன். மெத்தை மாற்றியது, நாடா கட்டியது, பால்கனி, உதட்டின் நிறம், எதையும் விடவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எவ்வளவு நேரம்?" என்றாள்.

"தெரியலைம்மா."

"கீழ போங்க."

போனேன்.

செப்டம்பர் 9

தம்பி வந்து கத்தினான். பெயிண்ட் கடைவரைக்கும் கேட்டிருக்கும். "அவ அத்தனை தடவை சொன்னாளே, உங்க வீம்புக்கு என் புள்ளையா கிடைச்சது?" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. மாடிக் கதவு இப்போது பகலிலும் தாழ் போட்டிருக்கிறது.

செப்டம்பர் 22

ஆர்டர் நோட்டைப் பார்த்து இந்த வருஷம் செட் வாங்கிய வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சுற்றுத் தலையணையைத் திருப்பிக் கொடுங்கள், மெத்தையை ஓரம்வரைக்கும் கெட்டியாக மாற்றித் தருகிறேன் என்று. சிலர் கொடுத்தார்கள். ஒருத்தி, "உங்களுக்குத் தொழில் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டுக் கதவை மூடினாள். நாளைக்கு மறுபடியும் போவேன். அவள் புருஷன் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

அக்டோபர் 6

பிள்ளை காப்பகத்துக்குப் போகிறது. காலையில் என் கடை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போகிறாள். நான் தையல் மிஷினை விட்டு எழுவதில்லை. பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அதற்கு என்ன தெரியும்?

அக்டோபர் 19, ஞாயிறு

படியில் நின்று கூப்பிட்டாள். "அண்ணி, கொஞ்சம் மேல வாங்க."

தம்பி வெளியே போயிருந்தான். பிள்ளை கட்டிலில் மல்லாக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. "குளிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. எதைப் போடக்கூடாது என்றும் சொல்லவில்லை.

குளியலறைக் கதவை அவள் முழுக்கச் சாத்தவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும், நிற்கும். மறுபடியும் கேட்கும், நிற்கும். நிறுத்தி நிறுத்திக் காது கொடுக்கிறாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டிலைத் தொடாமல், பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவில் யாரோ என் கடைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

அஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். காதோரம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. என்னை விட்டுவிட்டு நிதானமாகக் குளிக்க அவளால் முடியவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் முதலில் கட்டிலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வர்றீங்களா அண்ணி? இதே மாதிரி, கொஞ்ச நேரம்" என்றாள்.

வர்றேன் என்றேன்.