கம்பியில் ஒரு பிசிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நாங்கள் சோதிக்கும் பன்னிரண்டு லட்சம் வோல்ட் கம்பி மழையில் இரைவது வழக்கம்தான். போன வாரம் நல்ல வெயிலிலும் ஓரிடத்தில் இரைந்தது. மின்சாரத்தை நிறுத்தி, கீழே இறக்கிப் பார்த்தும் யார் கண்ணுக்கும் எதுவும் படவில்லை. கம்பியையே மாற்றிவிடலாம் என்றார்கள். நான் கூச்சத்தோடு, நீ தறியில் பட்டுப் பாவு நூலைத் தடவுவதுபோல் புறங்கையால் தடவினேன். ஓரிடத்தில் சுருக்கென்றது.

“இன்னாம்மா அது?” என்றார் எங்கள் வேலூர்க்கார அதிகாரி ஸ்வர்ணலதா.

“பிசிறுங்க மேடம். எங்கம்மா கைக்குத் தப்பாதுங்க.”

அதைத் தேய்த்து மழுக்கி, கம்பியை மேலே ஏற்றி மின்சாரம் கொடுத்தபோது இரைச்சல் அடங்கியிருந்தது. “ரிப்போர்ட்ல அம்மா பேரையும் போட்டுடலாமா?” என்று மேடம் சிரித்தார்.

இந்த ஊர்க் குளிரில் கை வெடிக்கிறது. தேங்காயெண்ணெய் அனுப்பு. கூடவே நீ நெய்ததில் ஒரு துண்டுப் பட்டும் வை. கை சரியாகிவிட்டதா என்று தினமும் அதைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் பானு