மூன்றாம் ராஜாவின் வெள்ளைப்போளம்

என் தங்கமான சூசை அண்ணே, சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்.

நீ கண்ணை மூடின பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. சேதி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சேதி நல்லதாக இல்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். என் மகன் அந்தோணி போன படகு இன்னும் கரை திரும்பவில்லை. கடல் இரைச்சல் அடுப்படி வரைக்கும் வருகிறது.

நேற்று பொழுது சாயும்போது பாட்டுக் கோஷ்டி நம் சந்துக்கு வந்தது. உன் ஆர்மோனியத்தை இப்போது உன் மகன் மிக்கேல்தான் வாசிக்கிறான். பிறந்த பாலனுக்கு மூன்று ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருகிற பாட்டை எடுத்தார்கள், ராஜாவுக்கு ஓர் அடி, அடிக்கு ஒரு தட்டு. வழக்கம்போலப் பொன் தாள் ஒட்டின தட்டு வந்தது, தொட்டுக் கும்பிட்டோம். அடுத்த அடிக்குச் சாம்பிராணித் தட்டு வந்தது. அதோடு முடித்துக்கொண்டு மிக்கேல் நகரப் பார்த்தான். வெள்ளைப்போளத் தட்டைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

“ராஜா மூணு பேராச்சே, மூணாவது ஆளு எங்கடா? கல்மண்டபத்துல பஸ்ஸ வுட்டுட்டாரா?” என்றேன். டோலக் அடிக்கிறவன் சிரித்துவிட்டான். மிக்கேல் சிரிக்கவில்லை.

“அந்த அடி வேணாம் அத்தே. போன வருசம் அப்பா அத்தப் பாடிட்டு வந்துதான் படுத்தாரு. ஒருத்தரும் அந்தத் தட்ட வூட்டாண்ட வுட மாட்டேன்றாங்க. அந்தோணி வேற கடல்ல கீறான். இன்னா பேசற நீ?”

நான் படித்தது கிராமத்துப் பள்ளிக்கூடம். ஆனாலும் வெள்ளைப்போளம் எதற்கென்று தெரியும். பிணத்துக்குப் பூசுவது. பிறந்த பாலனின் தலைமாட்டில் அதைக் கொண்டுவந்து வைத்து, நீர் சாக வந்தவர் என்று சொல்லுகிற அடி அது. கேட்டால் எனக்கும் குலைநடுங்கும். ஆனால் அதை வெட்டிவிட்டால் மிச்சம் யார்? பொன்னையும் புகையையும் வாங்கிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிற ஒரு ராஜா. நடுக்கடலில் நனைந்து நடுங்குகிறவனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நம்மோடு சாகத் துணிந்து வந்தவர்தானே அண்ணே அந்தப் படகில் ஏறுவார்?

துணியை எடுத்துவிட்டு நானே பாடினேன். ஆர்மோனியம் கூட வரவில்லை. பாதியில் மிக்கேலின் குரல் சேர்ந்தது. கல்லறை அடக்கம் என்று வருகிற இடத்தில் நின்றுபோனது. உன்னை நினைத்திருப்பான்.

நிறைமாதமாக இருக்கிற என் மருமகள் ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவுரு வரலன்னா நீ பாடினதாலதான்னு சொல்வேன் அத்தே. சாவுற மட்டும் சொல்வேன்.”

“சொல்லுடி” என்றேன்.

இன்று காலையில் காசிமேட்டுப் பக்கம் உடைந்த பலகை ஒதுங்கியிருக்கிறதாம். யார் படகோ, தெரியவில்லை. ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. காற்று இன்னும் அடங்கவில்லை. நான் செய்தது சரிதானா அண்ணே?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தோணி வந்தாலும் வராவிட்டாலும், அவள் பிள்ளை பெற்ற பிறகு வருகிற கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலுக்கு மூன்று தட்டும் வரும். அவள் கதவைச் சாத்தினால், சாத்தின கதவுக்கு வெளியே நின்று பாடுவேன்.

கரையைப் பார்த்தபடி,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
சவேரியம்மாள்