தெஹியோவிட்டையிலிருந்து வந்த மூன்று குழாய்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சென்னையில் சுகமாகத்தான் இருக்கிறேன். இது புருஷன் பெண்சாதிக்குள் பேச வேண்டியது; போனில் பேசினால் மாமி பக்கத்தில் இருப்பார். அதனால் எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. கிருமி ஊர்விட்டு ஊர் எப்படிப் பரவுகிறது என்பதுதானே என் ஆராய்ச்சி. இரண்டு வகைக் கிருமிகள் ஒரே உடம்பில் கலந்து, புது வகை ஒன்று உருவாகியிருக்கிறது. அதை முதலில் கண்டது, நீங்கள் போன வருடம்வரை கட்டட வேலை செய்த அந்த வெளிநாட்டுத் துறைமுக நகரத்தில்.

திங்கட்கிழமை, இலங்கையிலிருந்து சோதனைக்கு வந்த மூன்று இரத்தக் குழாய்களில் அதே வகை இருந்தது. பெயர் கிடையாது, ஊரும் ஒரு சிறு குறிப்பும் மட்டும்தான்.

"தெஹியோவிட்டன்னு போட்டிருக்கு. உங்க ஊர்தானே கோகிலா?" என்று எங்கள் ஆய்வுக்கூடத்து மேடம் கேட்டார்.

"ஆமாங்க மேடம், எங்க ரப்பர் தோட்டத்துப் பக்கம்" என்றேன்.

இரண்டு பேர் வெளிநாட்டில் வேலை செய்தவர்கள். மூன்றாவது ஒரு பெண். அவள் தோட்டத்தைவிட்டு எங்கும் போனதில்லையாம்.

பயப்படாதீர்கள். இப்போது நல்ல மருந்து இருக்கிறது, பிந்தினால்தான் ஆபத்து. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துபோனதிலிருந்து எனக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். வெயிலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

யாராவது வந்தால் மாசிக் கருவாட்டுச் சம்பலும் நீங்கள் உடுத்திய பழைய சாரம் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். போர்த்திக்கொள்ள வேண்டும்.

மேடம் கூப்பிடுகிறார். நேற்று நானும் இரத்தம் கொடுத்தேன். இதை நீங்கள் படிக்கும்போது முடிவு வந்திருக்கும். அது எதுவானாலும் நான் கோபப்பட மாட்டேன். நாளைக்கே அவிசாவளை ஆஸ்பத்திரிக்குப் போய் நீங்களும் இரத்தம் கொடுங்கள்.

உங்கள்
கோகிலா