பேசாத மடத்தில் உன் அப்பா பேசியது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கால் இரண்டும் வீங்கியிருப்பதைத் தவிர நான் நலம், உன் அப்பாவும் நலம், எங்களோடு இந்த வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வந்திருக்கிற மற்ற முப்பது பேரும் எப்படியோ நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்து வலி குறைந்து நன்றாக இருக்க வேண்டும் என்று போகிற தேவாலயத்தில் எல்லாம் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வருகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா பேப்பர் படிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறார், ஒரு பக்கம்கூடத் திருப்புவதில்லை. இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. இப்போது ஓட்டல் அறையில் சாப்பாட்டுக்குப் பிறகு குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், எழுந்திருப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் இரண்டு மாசம் ஆகிறது. வேறு ஏதாவது பெரிய தகராறு என்றால் வெளியில் சொல்லி அழவாவது முடியும். குளியலறைத் தரையின் சரிவு சரியில்லை என்று அப்பனும் மகளும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? முப்பத்தைந்து வருஷம் ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்துக்கொடுத்த காண்ட்ராக்டர் அவர். தன் வீட்டில் தானே நின்று போட்ட தரையில், பெரியப்பா குடும்பமும் கொத்தனாரும் பார்க்க, நீ ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாய். அது வடிகால் துளைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேரே கூடத்துக்கு ஓடிப் பெரியப்பாவின் பையை நனைத்தது. நீ இஞ்சினியருக்குப் படித்தவள், நீ சொன்னது சரிதான், அது வேறு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவரும் அதற்காக வாயைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரியாக அலைந்து எனக்கு அலுத்துவிட்டது.

பயணக் கதைக்கு வருகிறேன். எண்ணூறு வருஷத்துத் தேவாலயம் என்று எங்கள் வழிகாட்டிப் பெண் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இவர் தூண் தூணாகப் போய் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்கிறார். கண்ணாடி ஜன்னலில் சித்திரங்கள் நீலமும் சிவப்புமாக வெயிலில் எரிகின்றன, பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் மட்டும், "சட்டத்தைச் சுத்திப் பூச்சு விட்டுப்போச்சு" என்றார். இன்னொரு தேவாலயத்தில் கூரையின் விரிசலைப் பார்க்கிறேன் என்று நட்டநடுவே மல்லாந்து படுத்துவிட்டார். எங்கள் கூட்டத்தில் வெயில் மழை இல்லாவிட்டாலும் குடை பிடிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அங்கே அதுதான் முறை போலிருக்கிறது என்று குடையை மடக்கிவிட்டு அவரும் படுத்தார். பிறகு வேறெங்கிருந்தோ வந்த பதினோரு பேர் வரிசையாகப் படுத்தார்கள். கோவில் காவலாளி விரட்ட ஓடிவந்தான், அவர்களையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தான், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவனும் படுத்துக்கொண்டான். நிற்பது நானும் வழிகாட்டிப் பெண்ணும் மட்டும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் நேற்று ஒரு மடத்துக்குப் போனோம். மலைமேல் கல்லால் கட்டியது. அங்கே இருக்கிற துறவிகள் பேச மாட்டார்கள், வாசல் தாண்டினால் நாமும் பேசக்கூடாது. உன் அப்பாவுக்குப் பொருத்தமான இடம் என்று நிம்மதியாக உள்ளே போனேன். தாழ்வாரத்தில் கொஞ்சம் பின்தங்கியவர், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றிச் சரிவு பார்க்க ஆரம்பித்துவிட்டார். சட்டென்று ஒரு துறவி வந்து கையைப் பிடித்தார். போச்சு, மானம் கப்பலேறியது என்று நினைத்தேன். அந்த மனிதரோ தண்ணீர் ஓடுகிற திசையை உற்றுப் பார்த்தார், உன் அப்பா முகத்தைப் பார்த்தார், அப்படியே தரதரவென்று ஒரு சின்ன ஜெப அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே கூரை ஒழுகி ஏழு வாளி வைத்திருக்கிறார்கள்.

வேலையை விட்ட பிறகு இவரிடம் ஒழுகலைக் காட்டி யோசனை கேட்டவர் யாருமில்லை. அவ்வளவுதான், திறந்துகொண்டது வாய். நம் பாஷையில் ஓர் எழுத்துத் தெரியாத துறவியிடம் சுண்ணாம்பு, மணல், ஓட்டின் இடுக்கு என்று ஆரம்பித்தார். வழிகாட்டிப் பெண் உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினாள், துறவி கையைக் காட்டி அவளை அனுப்பிவிட்டார். மூன்றரை மணி நேரம். பஸ்ஸில் முப்பது பேர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க, நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது, முதல் துறவி ஜெபத்துக்குப் போய்விட்டார், வேறொருவர் வந்து அதே இடத்தில் நின்றார். உன் அப்பா அதைக் கவனிக்கவேயில்லை. அடுத்த மணிக்கு மூன்றாவது ஆள். அவர் வந்தபோதுதான் பேச்சு கூரையிலிருந்து நம் வீட்டுத் தரைக்கு இறங்கியது. "அந்தச் சரிவு தப்புதான் சாமி. எம்பொண்ணு அப்பவே சொன்னா. தண்ணி ஊத்திப் பாருன்னு சின்ன வயசுல அவளுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான். ஒத்துக்க வாய் வரல" என்று சொல்லிவிட்டு ஒரு வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தெனம் அவ நம்பரை அழுத்தறேன் சாமி. அவ ஹலோன்னுட்டா அப்புறம் நான் என்ன சொல்றது? அதுக்குப் பயந்து வச்சிடறேன். ஊருக்குப் போயி ஒருநாளாச்சும் வைக்காம இருந்துடணும்" என்றார். ஒரு வாளி நிரம்பியிருந்தது, அந்தத் துறவி அதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடியும் எதிரில் நின்றார். இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். பஸ்ஸில் ஏறியதும் பழையபடி ஊமை.

நாங்கள் ஊர் திரும்ப இன்னும் பன்னிரண்டு நாள், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். ஈரத் தலையோடு படுக்காதே, கழுத்து வலிக்கு அதுதான் காரணம். சித்தி மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல். இனி நான் சொல்வதை இரண்டு தரம் படி. உன் அப்பா கூப்பிடுவார். எடுத்துவிட்டுப் பேசாமல் இரு. ஹலோ வேண்டாம், அப்பா என்றும் கூப்பிட வேண்டாம். நீ மூச்சு விடுவது அவருக்குக் கேட்டால் போதும். சிமெண்டு, பூச்சு என்று எங்கெங்கோ சுற்றுவார், சுற்றட்டும், கணக்கில் தப்பிருந்தாலும் திருத்தாதே. அடுப்பில் ஏதாவது இருந்தால் தீயட்டும். அழுகை வந்தால் சத்தமில்லாமல் அழு. சரிவு தப்பு என்று அவர் தன் வாயால் சொல்லி முடித்ததும் நீ வாயைத் திறக்கலாம். அப்போதும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், நீ என்றைக்கு வீட்டுக்கு வருகிறாய் என்று.

நோய் நொடியில்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வயது நன்றாக இரு என் கண்ணே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. அவர் புரண்டு படுக்கிறார், நிறுத்துகிறேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா