மீந்துபோன மாத்திரைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய மாத்திரைகள் வந்து சேர்ந்தன. எல்லாமே காலாவதியானவை.

தொற்று பரவத் தொடங்கியபோது, என் மூட்டுவாத மாத்திரை அதையும் தடுக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் போனபோது மருந்துக்கடைக்காரர், "உங்க அக்கா மொத்தத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்றார். போனில் உன்னிடம் கெஞ்சினேன். "உனக்கு வெறும் வலிதானேடி, எங்களுக்கு உயிராச்சே" என்றாய்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை, சந்தோஷம். மடங்கிப்போன என் விரல்கள்தான் நிமிரவில்லை. தையல் மெஷினை விற்றாயிற்று. ஜாக்கெட் கொக்கியைக்கூட இன்னொருவர்தான் மாட்டிவிட வேண்டும்.

கையெழுத்து யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். என்னைப் பார்க்க வந்த உன் மகளைத்தான் எழுத உட்காரவைத்தேன். "போதும் சித்தி, அம்மா பாவம்" என்று அழுகிறாள். அவள் அழுவதையும் அவளையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்